காத்தாடியை அடக்கும் 100 மில்லிவோல்ட்

பிற்பகல் மூன்று மணிக்குக் கிள்ளானில் ஏர்கோன் இல்லாத அடுக்குமாடி வீட்டு அறையில் வெப்பம் 32 டிகிரிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து திருமணக் காணொளி தொகுக்க உட்காருகிறவருக்கு என்ன நடக்கும்? கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

இன்டெல் லேப்டாப் ப்ராசசர்கள் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏர்கோன் ஓடும் 22 டிகிரி அறையில் ஒரு லேப்டாப் 45 வாட் இழுக்கும்போது அந்த வரம்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக்கும் சிப்புக்கும் 78 டிகிரி வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் 45 வாட் சூட்டையும் வெளியே தள்ளுகிறது. அதே லேப்டாப் 32 டிகிரி அறைக்கு வந்தால் வித்தியாசம் 68 ஆகிவிடுகிறது. விகிதப்படி இப்போது வெளியேற்ற முடிவது 39 வாட்தான். மீதி 6 வாட் நம் ஊர் வெக்கைக்குப் பறிபோனது. காத்தாடி முழு வேகத்தில் அலறும், காணொளியும் மெதுவாகத்தான் முடியும்.

அந்தச் சிப் அப்போது 1.1 வோல்ட்டில் ஓடுகிறது என்றால், அதை 1.0 வோல்ட்டுக்கு இறக்கினால் அதே வேலையை அதே வேகத்தில் சுமார் 37 வாட்டில் முடித்துவிடும். வெக்கை பறித்த 6 வாட்டுக்கு ஈடாக 8 வாட் கைக்கு வருகிறது. காசு செலவில்லை, திருப்புளி தேவையில்லை. அண்டர்வோல்ட்டிங் என்று சொல்வது இந்த வேலையைத்தான். ப்ராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பது. வேகத்தில் கை வைப்பதில்லை.

குளிர்நாட்டுக்காரனுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. ஆண்டு முழுக்க 30 டிகிரியைத் தாண்டும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது அவசியமான வைத்தியம். ஆனால் 2020க்குப் பிறகு விற்பனைக்கு வந்த இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியதற்குச் சொன்ன காரணம் உண்மையானதுதான். அந்தக் காரணம் வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவருக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

மடிப்புக்குள் விட்ட துணி

ஒரு சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் செலவும் பத்து விழுக்காடு குறையும், அவ்வளவுதான். மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தாலோ செலவு பத்தொன்பது விழுக்காடு குறையும். இதோடு இன்னொரு லாபமும் உண்டு. டிரான்சிஸ்டர்கள் வேலை செய்யாதபோதும் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு கூடினால் கசிவும் கூடும். மின்னழுத்தமும் சூடும் இறங்கினால் கசிவும் இறங்கும்.

அப்படியானால் தயாரிப்பாளரே குறைத்து அனுப்பக் கூடாதா?

விடை தேட அமெரிக்கா போக வேண்டாம், பினாங்கு போதும். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. சிப்களை உறையிலிட்டுச் சோதித்து அனுப்பும் வேலை அங்கேயும் கெடா மாநிலக் கூலிமிலும் நடக்கிறது. உலகில் நடக்கும் சிப் பொதியல், சோதனைப் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில்தான் என்பது அமைச்சர்கள் அடிக்கடி பெருமையோடு சொல்லும் கணக்கு. ஆக, கிள்ளானில் கொதிக்கும் சிப் பினாங்கில் தேர்வு எழுதித் தேறிய சிப்பாகவே இருக்கக்கூடும்.

அந்தத் தேர்வில் எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற அட்டவணை ஒவ்வொரு சிப்புக்குள்ளும் நிரந்தரமாகப் பதிக்கப்படுகிறது. உண்மையில் தேவைப்படுவதைவிடக் கொஞ்சம் கூட்டியே பதிப்பார்கள். பள்ளிச் சீருடை தைப்பவர் வளர்கிற பிள்ளைக்கென்று இரண்டு விரல் துணியை மடிப்புக்குள் விட்டுத் தைப்பாரே, அதே யோசனைதான். சிப்புக்கும் வயதாகும், ஐந்தாறு ஆண்டு கழித்து அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். எந்த மதர்போர்டில் போய் உட்காரும் என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. திடீரென்று பெரிய வேலை வந்து விழும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். அந்தச் சரிவிலும் கணக்குத் தப்பக் கூடாது. இத்தனைக்கும் சேர்த்து விட்ட மடிப்பு அது. உங்கள் சிப்புக்கு அவ்வளவு மடிப்பு வேண்டியதில்லை என்றால், பிரித்துவிடுவது உங்கள் விருப்பம்.

மடிப்பு மிஞ்சிப் போனாலும் ஆபத்து. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசசர்கள் பல, காரணம் புரியாமல் கவிழ்ந்துகொண்டிருந்தன. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தமும் சூடும் சிப்பின் ஒரு பகுதியை நாளடைவில் நலிய வைத்ததே காரணம் என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. மின்னழுத்தக் கோரிக்கையைக் கட்டுப்படுத்தும் திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. லேப்டாப் சிப்களுக்கு அந்தக் கோளாறு இல்லை என்றது. ஆனாலும் கூடுதல் மின்னழுத்தம் எப்போதும் பாதுகாப்பு என்று நம்பியிருந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

லேப்டாப்பில் சூட்டுச் சிக்கல் முற்றியது 2017 ஆகஸ்ட்டில் வந்த எட்டாம் தலைமுறையோடுதான். அதுவரை மெல்லிய லேப்டாப்பில் இரண்டு கோர் இருந்தது. ஐ5 8250யு வந்ததும் நான்கானது. பெட்டியில் எழுதியிருந்தது என்னவோ அதே 15 வாட். ஆனால் வேலை தொடங்கும் முதல் சில பத்து வினாடிகளுக்கு அந்தச் சிப் 40 வாட்டுக்கு மேலும் இழுக்க இடம் கொடுத்திருந்தார்கள். உடம்பு மெலிந்தது, பசி கூடியது. மறு ஆண்டு ஜூலையில் ஆப்பிளே மாட்டிக்கொண்டது. ஆறு கோர் ஐ9 போட்ட மேக்புக் ப்ரோ, சூட்டில் தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே போகிறது என்று ஒரு யூடியூபர் காட்ட, சில நாளிலேயே ஆப்பிள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

சத்தம் யாருக்கு அதிகம் கேட்கிறது?

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் நடந்தால் பூக்கடை, புடவைக்கடைகளுக்கு நடுவே வெள்ளைக் கைத்தடியோடு போகிறவர்களைப் பார்க்கலாம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றியே பார்வையற்றோர் பலர் குடியிருக்கிறார்கள், மசாஜ் நிலையம் நடத்துகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்.

லேப்டாப் காத்தாடிச் சத்தம் நமக்கு எரிச்சல். அவர்களுக்கு அது எழுத்தையே மறைக்கும் விஷயம். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் குரலை வைத்துத்தான் அவர்கள் மின்னஞ்சல் படிக்கிறார்கள், வங்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் அவற்றில் ஒன்று. அதோடு வரும் குரல் எஞ்சின் தமிழையும் வாசிக்கும். பழகியவர்கள் அந்தக் குரலை நாம் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். அந்த வேகத்தில் ஒரு மெய்யெழுத்து காத்தாடி இரைச்சலில் அமுங்கினால் சொல்லே மாறிப்போகும். இயர்போன் மாட்டிக்கொள்ளலாமே என்று சொல்வது சுலபம். அறையில் யார் வருகிறார், கதவு திறக்கிறதா, கைப்பேசி எங்கே அதிர்கிறது என்பதையும் அதே காதால்தான் அவர்கள் அறிய வேண்டும்.

காத்தாடியின் சத்தம் அதன் வேகத்தைவிட மிக வேகமாக ஏறும், இறங்கும். 4,500 சுற்றில் ஓடுவது 3,600க்கு இறங்கினால் வேகம் குறைவது இருபது விழுக்காடுதான், சத்தமோ ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். ஒரே அறையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சூடு பத்து டிகிரி இறங்கினாலே போதும், பல லேப்டாப்களின் காத்தாடி ஒரு படி கீழே வந்துவிடும். ஏறி ஏறி இறங்கும் அந்த நச்சரிப்பும் நிற்கும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டிலிருந்தே வகுப்பெடுத்த ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். மாணவர்களுக்குப் பாடத்தைவிடக் காத்தாடிதான் தெளிவாகக் கேட்டிருக்கும்.

முதலில் தூசு

பழுதுபார்க்கும் கடையில் பேச்சு பெரும்பாலும் "தம்பி, காத்தாடி நிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்றுதான் ஆரம்பிக்கும். "எத்தனை வருசம் ஆச்சு அக்கா, ஒரு தடவையாவது திறந்து சுத்தம் பண்ணுனீங்களா?" என்பது மறு கேள்வி. மூன்று, நான்கு ஆண்டு ஓடிய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் காத்தாடியே பெரும்பாலும் சுத்தமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காற்று வெளியேறும் வாயில் செம்புத் தகடுகள் சீப்புப் பற்களாக நிற்கும்; காத்தாடிக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையில்தான் தூசு அடைகிறது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையாக, கம்பளித் துண்டு கணக்காக, முழுசாக வரும். நம் வீடுகளில் அது கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருக்கும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, புகைமூட்டக் காலத்துக் கரித்துகள், எண்பது விழுக்காட்டை எட்டும் ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து தூசுக்குப் பசை போட்டுவிடுகின்றன. சாமி மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றுவது நல்லது.

அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிய பிறகுதான் மின்னழுத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தூசு அடைத்த லேப்டாப்பை அண்டர்வோல்ட் செய்வதில் பெரிய பலன் இருக்காது.

பிறகு செய்ய வேண்டியது மென்பொருள் வேலை. விண்டோஸில் இதற்குப் பழகிய கருவி கெவின் கிளின் எழுதிய த்ராட்டில்ஸ்டாப், இலவசம். அதில் 'எஃப்ஐவிஆர்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு ஜன்னல் விரியும். இடப்பக்கம் மேலே 'சிபியு கோர்', 'சிபியு கேஷ்' என்று வரிசையாக இருக்கும். ஆறிலிருந்து பத்தாம் தலைமுறை வரையுள்ள பெரும்பாலான லேப்டாப் சிப்களில் இந்த இரண்டுக்கும் ஒரே அளவு குறைப்பைக் கொடுத்தால்தான் பலன் தெரியும். ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்பவர்கள் நிறைய பேர். மைனஸ் 50 மில்லிவோல்ட்டில் ஆரம்பியுங்கள். சேமிக்காமல் சோதிக்கும் தேர்வு ஒன்று அங்கேயே இருக்கிறது, அதையே வைத்திருங்கள். சினிபெஞ்ச் போன்ற கனமான சோதனையை ஒரு கால்மணி நேரம் ஓட்டுங்கள். தாங்கினால் பத்துப் பத்தாகக் கீழே இறக்குங்கள். எட்டாம் தலைமுறைச் சிப்கள் பல மைனஸ் 80லிருந்து 120 வரை தாங்கும். உங்களுடையது 60இலேயே படுத்துவிடலாம். ஒரே மாடல், ஒரே கடை, ஒரே நாளில் வாங்கிய இரண்டு லேப்டாப்களுக்குக்கூட இந்த எண் ஒன்றாக அமைவதில்லை. அதனால் இன்னொருவர் சொன்ன எண்ணை அப்படியே போடாதீர்கள்.

அளவு மீறினால் நீலத்திரை வரும், அல்லது அப்படியே உறைந்துபோகும். பயப்பட வேண்டாம். மென்பொருள் வழியாகக் கொடுத்த இந்தக் குறைப்பு, அணைத்துப் போட்டதும் அழிந்துவிடும். லேப்டாப் பழையபடி எழும். குறைந்த மின்னழுத்தம் சிப்பை எரிப்பதில்லை. சேமிக்காத வேலைதான் போகும், மோசமானால் ஒரு கோப்புச் சிதையும். அதனால் சோதிக்கும் நாளில் ஆய்வேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். கவிழ்ந்த எண்ணிலிருந்து 15, 20 மில்லிவோல்ட் மேலே வந்து நின்றுகொள்ளுங்கள். கனமான சோதனையில் தேறிய சிப், சும்மா யூடியூப் பார்க்கும்போதோ உறக்கத்திலிருந்து எழும்போதோ விழுவதும் உண்டு. ஆகவே ஒரு வாரம் அன்றாட வேலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணை நிரந்தரமாக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கடையில் பத்து நிமிடத்தில் அண்டர்வோல்ட் செய்து கொடுத்தால் நான் நம்பமாட்டேன். அமைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். சோதிப்பதற்கான ஒரு வாரத்தை எந்தக் கடைக்காரரும் தரப்போவதில்லை.

பூட்டு எதற்கு?

2019 டிசம்பரில் பர்மிங்காம், லூவன், கிராஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இன்டெல் சிப்களில் எஸ்ஜிஎக்ஸ் என்றொரு ரகசியப் பெட்டகம் உண்டு. விண்டோஸே எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் சாவிகளை வைத்துக் கணக்குப் போடும் வசதி அது. சரியான கணத்தில் மின்னழுத்தத்தைச் சற்றே சரியவிட்டால் அந்தப் பெட்டகத்துக்குள் நடக்கும் பெருக்கல் தப்பாகிறது. தப்பான விடையை வைத்து உள்ளே இருக்கும் மறைகுறிச் சாவியைக் கணித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஆபத்தும் உண்மையானது. இன்டெல் திருத்தம் கொடுத்தது. லேப்டாப் தயாரிப்பாளர்கள், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோஸின் புதுப்பிப்பு வழியாக மின்னழுத்தக் கட்டுப்பாட்டையே பூட்டினார்கள். முதல் நாள் வரை அமைதியாக ஓடிய லேப்டாப், ஒரு புதுப்பிப்பு ஓடி முடித்ததும் மறுபடி இரைய ஆரம்பித்தது. பலருக்குக் காரணமே தெரியவில்லை.

இந்தத் தாக்குதலை நடத்த வேண்டுமென்றால் தாக்குபவர் ஏற்கெனவே உங்கள் கணினியின் முழு நிர்வாக அதிகாரத்தைக் கைப்பற்றியிருக்க வேண்டும். அந்த அதிகாரம் கிடைத்தவனுக்கு உங்கள் புகைப்படம், கடவுச்சொல், வங்கிக் கோப்பு எல்லாம் முன்னமே கைக்கு வந்திருக்கும். மேகக்கணினிச் சேவை நடத்தும் நிறுவனத்துக்கு எஸ்ஜிஎக்ஸ் முக்கியம். சைபர்ஜெயாவில் தரவு மையம் வைத்திருப்பவர் கவலைப்படட்டும். கிள்ளானில் ஆறாம் படிவப் பாடம் படிக்கும் பிள்ளையின் லேப்டாப்பில் அந்தப் பெட்டகத்தில் பெரிதாக என்ன இருக்கப்போகிறது? வேடிக்கை என்னவென்றால் 11, 12ஆம் தலைமுறையோடு வீட்டுக் கணினிச் சிப்களிலிருந்து எஸ்ஜிஎக்ஸை இன்டெலே கைவிட்டுவிட்டது. பெட்டகம் போய்விட்டது, பூட்டு மட்டும் பெரும்பாலான லேப்டாப்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பூட்டை உடைக்கும் வழிகளும் உலவுகின்றன. பயோஸின் மறைந்த எண்களை நேரடியாக மாற்றுவது, பழைய பயோஸுக்குத் திரும்புவது. வேண்டாம். ஓர் எண் பிசகினால் லேப்டாப் எழவே எழாது. விண்டோஸ் 11இல் இன்னொரு சங்கடம்: த்ராட்டில்ஸ்டாப் மின்னழுத்தத்தைத் தொட வேண்டுமானால் நினைவகத்தைக் காக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' முதலிய பாதுகாப்பை அணைக்கச் சொல்லும். அலுவலக லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள்.

பூட்டிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. விண்டோஸ் மின்சார அமைப்பில் ப்ராசசரின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 விழுக்காடாக்கினால் டர்போ வேகம் அணையும், காத்தாடி அடங்கும். முரட்டு வழிதான், வேகமும் கணிசமாகப் போகும். ஆனால் வேர்டும் பிரவுசரும் மட்டும் திறப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதைவிட நயமான வழி, த்ராட்டில்ஸ்டாப்பிலேயே உச்ச வேகத்தை 300, 400 மெகாஹெர்ட்ஸ் குறைத்து வைப்பது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் சிப் மிக அதிக மின்னழுத்தம் கேட்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறையவே குறையும். கேமிங் லேப்டாப் என்றால் சூட்டில் பெரும்பங்கு கிராபிக்ஸ் சிப்பினுடையது. என்விடியா சிப்களில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் வழியாக மின்னழுத்தக் கோட்டை இறக்குவது பெரும்பாலான லேப்டாப்களில் இன்னும் முடிகிறது. ஏஎம்டி ரைசன் லேப்டாப்களில் நிலைமை மாடலுக்கு மாடல் மாறும். மின்னழுத்தம் பூட்டியிருந்தாலும் வாட் வரம்பைக் குறைக்கும் கருவிகள் உண்டு.

இப்போது புது லேப்டாப்புக்குப் பணம் வைத்திருப்பவர் இந்தத் தலைவலியையே தவிர்க்கலாம். 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏருக்குக் காத்தாடியே கிடையாது. ஆனால் பிள்ளைக்கு லேப்டாப் தேடும் நம் குடும்பங்களில் பல, லோ யாட் பிளாசாவிலோ பக்கத்துக் கடையிலோ கைமாறிய எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பைத்தான் வாங்குகின்றன. அவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை பேசும் முன் த்ராட்டில்ஸ்டாப்பை ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். லேப்டாப்பைப் போடச் சொல்லி எஃப்ஐவிஆர் ஜன்னலைத் திறந்து பாருங்கள். மின்னழுத்தப் பகுதியில் பூட்டியிருப்பதாகக் காட்டினால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். திறந்திருந்தால் வாங்கிய பிறகு பயோஸைக் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்காதீர்கள். புதுப்பிப்புக் குறிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பாதுகாப்பா, அமைதியா என்று நீங்கள் எடை போட வேண்டிய இடம் அது.

தயாரிப்பாளர்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. இன்டெலின் எச்எக்ஸ் வகைச் சிப் வைத்த கேமிங் லேப்டாப்கள் சிலவற்றில், எச்சரிக்கையோடு, அண்டர்வோல்ட் பாதுகாப்பை அணைக்கும் வரி பயோஸிலேயே வருகிறது. ஏழாயிரம், எட்டாயிரம் ரிங்கிட் கொடுப்பவருக்குக் கொடுக்கும் அந்த ஒரு வரியை, ஏர்கோன் இல்லாத வீட்டுக்குப் போகும் இரண்டாயிரம் ரிங்கிட் லேப்டாப்பிலும் வையுங்கள்.